கார்டு வரும்வரை காத்திராதே!

லாஸ் ஏஞ்சலஸில் நடிகனாக வேண்டும் என்று வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் அந்த ஊர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீ யூனியனா, நான்-யூனியனா?" நடிப்பு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். விருந்தில் அறிமுகமானவர் கேட்பார். ஆடிஷன் படிவத்தில் பெயர், உயரத்துக்கு அடுத்த கட்டத்திலேயே அந்தக் கேள்வி அச்சடித்திருக்கும். "நான்-யூனியன்" என்று பதில் சொல்லும்போது உன் குரல் ஒரு படி இறங்குகிறதே, தம்பி, அந்த இறக்கத்தை உன்னிடமிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன். தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான். குரலை உயர்த்திச் சொல். வெட்கப்பட அதில் எதுவுமே இல்லை.

யூனியன் உறுப்பினர் என்று காட்டும் அந்தக் கார்டு என்ன என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள். 1933இல், பெருமந்தம் அமெரிக்காவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டுடியோக்கள் நடிகர்களின் சம்பளத்தில் கைவைத்தன. வேலை நேரத்துக்கு வரம்பு கிடையாது. ஓய்வுக்கு உத்தரவாதம் கிடையாது. 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தின் பூதமாக மணிக்கணக்கில் ஒப்பனையைச் சுமந்து நின்ற போரிஸ் கார்லாஃப் போன்றவர்கள் கூடி அந்த ஆண்டில் எழுப்பியதுதான் திரை நடிகர் சங்கம். 2012இல் அது வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்களின் சங்கத்தோடு இணைந்து சாக்-ஆஃப்ட்ரா ஆனது. ஏறத்தாழ 1,60,000 உறுப்பினர்கள். குறைந்தபட்சக் கூலி, உணவு இடைவேளை, மறு ஒளிபரப்பானால் மறுபடியும் பணம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று இன்று ஒரு நடிகன் நிமிர்ந்து வாழ எவையெல்லாம் துணை நிற்கின்றனவோ அத்தனையும் போராடி வாங்கியவை. அந்தச் சங்கத்தை மதி. ஒரு நாள் நீயும் அதில் சேர வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆனால், அந்த ஒரு நாள் இன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை!

ஊரில் புலம்பல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். கார்டு இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காமல் கார்டு கிடைக்காது, பிறகு எப்படி நுழைவது என்று. காபிக் கடைகளில் உட்கார்ந்து இதையே பேசிப் பேசி ஆண்டுகளைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்காராதே. கதவு இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வைத்துக் கொடுத்த கதவு அது. சங்க ஒப்பந்தத்தில் எடுக்கப்படும் படத்தில் ஒரு வசனம் பேசும் வேடத்துக்கு நீதான் வேண்டும் என்று தயாரிப்பாளர் நினைத்தால், சங்கத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு உன்னை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் வேலையிலேயே நீ சேரத் தகுதி பெற்றுவிடுகிறாய். இன்னொரு வழி, சங்கப் படங்களில் சங்கக் கூலிக்குக் கூட்டத்தில் ஒருவராக மூன்று நாள் நின்று, அதற்கான மூன்று வவுச்சர் சேர்ப்பது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இந்த இரு வழிகளிலும் உள்ளே போயிருக்கிறார்கள். ஆகவே "எப்படி நுழைவது?" என்பதில் உன் இரவுத் தூக்கத்தைத் தொலைக்காதே. "நுழையும்போது என் கையில் என்ன இருக்கும்?" என்று கேள்.

ஏனென்றால் உள்ளே போனதும் பின்னால் ஒரு கதவு சாத்தப்படுகிறது. சங்கத்தின் முதல் விதி கறாரானது. சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லாத எந்தத் தயாரிப்பிலும் உறுப்பினர் நடிக்கக் கூடாது, உலகத்தின் எந்த மூலையிலும் கூடாது. அவசர அவசரமாக வவுச்சர் பொறுக்கி, சேர்க்கைக் கட்டணமாக 3,000 டாலர் கட்டி, கார்டைக் கையில் வாங்கிப் படம் எடுத்துப் போட்டவர்களை நினைத்துப் பார். மறுநாள் காலை எழுந்தால், போட்டி இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களோடு. காட்டுவதற்கு ஒரு காட்சித் துணுக்குகூட இல்லை. நேற்றுவரை திறந்திருந்த சிறு சிறு வேலைகளோ இன்று தடை. கார்டு கிடைத்த அன்றே வேலை நின்றுபோகும் கொடுமை இது. இளம் நடிகர்களுக்கு நேரும் தீங்குகளில் மிகப் பெரியதாக நான் இதைத்தான் கருதுகிறேன். யாரும் கெடுப்பதில்லை, அவசரம் கெடுக்கிறது.

நான்-யூனியன் ஆண்டுகள் காத்திருப்பு அறை என்று எவன் சொன்னான்? அவை நீ உழும் ஆண்டுகள். இறங்கு!

எங்கே இறங்குவது? மாணவர் படங்களில் இறங்கு. உலகின் எந்த ஊருக்கும் இல்லாத செல்வம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இதில் இருக்கிறது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.சி.) திரைப்படப் பள்ளி 1929இல் தொடங்கியது. யு.சி.எல்.ஏ. இருக்கிறது. ஹாலிவுட் குன்றின் சரிவில் ஏ.எஃப்.ஐ. இருக்கிறது. தெற்கே ஆரஞ்ச் நகரில் சாப்மன், வடக்கே கால்ஆர்ட்ஸ். ஒவ்வொரு பருவத்திலும் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் படம் எடுத்தாக வேண்டும், படத்துக்கு நடிகர்கள் வேண்டும். பல நேரம் சம்பளம் இருக்காது, அல்லது பெட்ரோல் செலவுக்குக் கட்டும் அளவில் இருக்கும். சாப்பாடு போடுவார்கள், முடிந்ததும் படத்தின் பிரதி தருவார்கள். "மாணவன் எடுக்கிற படம்தானே" என்று மூக்கைச் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இயக்குநர் ரயன் கூக்ளர் யு.எஸ்.சி.யில் மாணவராக இருந்தபோது, அதே வளாகத்தில் இசை படிக்க வந்திருந்த லுட்விக் யோரான்சனைச் சந்தித்தார். அவருடைய மாணவர் குறும்படத்துக்கு யோரான்சன் இசையமைத்தார். அந்த நட்பு 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்', 'க்ரீட்', 'பிளாக் பாந்தர்' என்று வளர்ந்தது. 'பிளாக் பாந்தர்' இசைக்கு யோரான்சன் ஆஸ்கர் வாங்கினார். மாணவர் படத்தில் உனக்கு எதிரே கேமராவைப் பிடித்திருக்கும் பெண் பத்து ஆண்டு கழித்து என்னவாக இருப்பாள் என்று உனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தே முக்காலுக்கு நீ அங்கே நின்றதை மட்டும் அவள் மறக்கமாட்டாள்.

மாணவர் படத்தில் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. தரையில் ஒட்டிய நாடாவில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்பது. அகலக் காட்சியில் எந்த வார்த்தையில் கோப்பையை எடுத்தாயோ, நெருக்கக் காட்சியிலும் அதே வார்த்தையில் எடுப்பது. பதினோராவது முறை அழச் சொல்லும்போதும் முதல் முறை போலவே உள்ளம் உடைவது. ஒலிப்பதிவாளர் விமானச் சத்தம் என்று கையைத் தூக்கினால், எரிச்சல் முகத்தில் ஏறாமல் அந்த உணர்வைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பது. இவை உடம்பில் ஏற வேண்டும். ஏறுவதற்குச் செட்டில் கழித்த நாட்கள்தான் வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கான வேலைகளும் இந்தப் பக்கம் இருக்கின்றன. விளம்பரப் படங்களில் ஒரு பெரும் பகுதி இன்று நான்-யூனியனாகவே எடுக்கப்படுகிறது. நிறுவனங்களின் பயிற்சிக் காணொளிகள், இசைக் காணொளிகள், மருத்துவ மாணவர்களுக்கு முன்னால் நோயாளியாக நடித்துக் காட்டும் வேலை, கதாநாயகனுக்குப் பின்னால் உணவகத்தில் சாப்பிடும் கூட்டத்தில் ஒருவராக இருப்பது எல்லாம் உண்டு. கூட்டத்துக்கு ஆள் எடுக்கும் சென்ட்ரல் காஸ்டிங் 1925இலிருந்து இயங்குகிறது. ஸ்டுடியோ வாசல்களில் வேலை தேடி மொய்த்தவர்களைத் தரகர்கள் சுரண்டிய காலத்தில், அதை முறைப்படுத்த ஸ்டுடியோக்களே சேர்ந்து தொடங்கிய அமைப்பு. கொஞ்ச நாள் போ. செட் எப்படி மூச்சு விடுகிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள், முதல் உதவி இயக்குநர் என்பவர் எத்தனை பெரிய தளபதி என்பதையெல்லாம் நின்று பார். ஆனால் அங்கேயே குடியிருந்துவிடாதே. கூட்டத்தில் நிற்பது படிப்பு. அதிலேயே ஆண்டுகள் ஓடினால் உன் நடிப்பு துருப்பிடிக்கும்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் செங்குத்துத் தொடர்கள். ரீல்ஷார்ட் போன்ற செயலிகளுக்காக லாஸ் ஏஞ்சலஸில் இவை வரிசையாக எடுக்கப்படுகின்றன. ஒன்றிரண்டு நிமிட அத்தியாயங்கள் 60, 70 சேர்ந்தால் ஒரு தொடர். முழுநீளப் படத்தளவு கதையை ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்து முடித்துவிடுவார்கள். ஒரே நாளில் பத்துப் பக்கத்துக்கும் மேல் வசனம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். கோடீஸ்வரன் ஏழையாக வேடமிட்டு வருவான், மாமியார் அறைவாள், கல்யாண மண்டபத்தில் ரகசியம் உடையும். நம் வீட்டு நெடுந்தொடர்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்த உணர்ச்சியின் உச்சம் புதிதா? கேலி பேசுபவர்கள் பேசட்டும். 2023 நடிகர் சங்க வேலைநிறுத்தத்துக்குப் பின் ஊரில் படப்பிடிப்புகள் குறைந்து பலர் வாடகைக்குத் திண்டாடிய நாட்களில், முகம் தெரியாத நான்-யூனியன் இளைஞர்களுக்குக் கதாநாயகன், கதாநாயகி வேடத்தையும் நாள் சம்பளத்தையும் கொடுத்தவை இந்தத் தொடர்கள்தான். பத்து நாள் தொடர்ச்சியாகப் படத்தைத் தோளில் சுமக்கும் வாய்ப்பைப் பெரிய படங்கள் உனக்கு இப்போது தராது. சங்கமும் இவற்றுக்கென்று தனி ஒப்பந்தம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே இந்த வாசலின் அமைப்பு மாறிக்கொண்டிருக்கிறது. இன்றே போ.

மைத்ரேயி ராமகிருஷ்ணனை உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தது போதாது. அவர் கதையை நிதானமாக யோசித்துப் பார். கனடாவில் மிசிசாகா நகரம். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ்ப் பெற்றோர். பள்ளி நாடகங்களைத் தவிர நடிப்பு அனுபவம் எதுவும் இல்லை. 2019இல் நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங் தன் புதிய தொடருக்குத் தெற்காசியப் பெண் தேவை என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். தோழி ஒருத்தி அனுப்பி வைத்த அந்த அழைப்பைப் பார்த்து, உள்ளூர் நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்து, அம்மாவின் கேமராவில் பதிவு செய்து அனுப்பினார் அந்தப் பதினேழு வயதுப் பெண். அழைப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 15,000. அதிலிருந்து 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் தேவி விஸ்வகுமாராக அவர் எடுக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் வளரும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை 2020இல் உலகம் முழுக்க ஓடியது.

இதைச் சொன்னதும் "அது அதிர்ஷ்டம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே! அழைப்பு வந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அது எல்லோர் கைப்பேசிக்கும்தான் வந்தது. அந்தப் பெண் பள்ளி மேடைகளில் கூச்சத்தைக் கழற்றி எறிந்திருந்தாள், அழைப்பு வந்ததும் நல்ல கேமரா இல்லை, நல்ல அறை இல்லை, இன்னும் கொஞ்சம் மெலிந்த பிறகு அனுப்பலாம் என்று தள்ளிப் போடவில்லை. நூலகத்துக்கு நடந்தாள். உன் ஊரில் நூலகம் இல்லையா?

செல்ஃப்-டேப் என்கிற இந்த வித்தைதான் இன்றைய ஆடிஷனின் பெரும் பகுதி. 2020 பெருந்தொற்றுக்குப் பின் காஸ்டிங் அலுவலகத்தின் நாற்காலியில் உட்காரும் நாட்கள் குறைந்து, வீட்டுச் சுவருக்கு முன்னால் நிற்கும் நாட்கள் பெருகிவிட்டன. நான்-யூனியன் நடிகனுக்கு இது வரம் என்றே சொல்வேன். காரில்லாதவன் 405 நெடுஞ்சாலை நெரிசலில் பேருந்து மாறி மாறிப் போக வேண்டியதில்லை. வெளிர்நிறச் சுவர் ஒன்று, முகத்தில் நிழல் விழாத விளக்கு இரண்டு, எதிர் வசனத்தை உணர்வோடு படித்துக் கொடுக்க ஒரு நண்பர். கண்கள் லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் நிற்கும் அந்த நண்பரைப் பார்க்க வேண்டும். படம் சுமார்தான் என்றால்கூடப் பொறுப்பார்கள், வசனம் காதில் விழாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே சின்ன மைக் ஒன்றை முதலில் வாங்கு. வசனப் பக்கங்கள் வந்த அன்றே நடித்து அனுப்பு. முப்பது முறை எடுத்து முப்பதையும் வெறுத்து இரவு மூன்று மணிக்கு அழுதுகொண்டு அனுப்பாதே. மூன்று முறை எடு, உயிருள்ளதை அனுப்பு, அடுத்த வேலையைப் பார். அனுப்பியபின் அது உன்னுடையதல்ல.

சும்மா இருக்கும் நாள் என்று ஒன்று உன் நாட்காட்டியில் இருக்கவே கூடாது. அழைப்பு வரவில்லையா? நீயே எழுது!

ஈசா ரேயைப் பார். லாஸ் ஏஞ்சலஸ் பெண். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். தன்னைப் போன்ற கறுப்பினப் பெண், கூச்சமும் தடுமாற்றமுமாகச் சாதாரண வாழ்க்கை வாழ்பவள், திரையில் எங்குமே இல்லை என்று கண்டார். யாராவது எழுதுவார்கள் என்று காத்திருக்கவில்லை. 2011இல் நண்பர்களைக் கூட்டி யூடியூபில் 'ஆக்வர்ட் பிளாக் கேர்ள்' தொடரைத் தொடங்கினார். எழுதியவர் அவர், நடித்தவர் அவர். பணம் தீர்ந்ததும் பார்வையாளர்களிடமே கையேந்தினார், கூட்டுநிதியாக 56,000 டாலருக்கும் மேல் கொட்டிக் கொடுத்தார்கள். 2016இல் எச்.பி.ஓ.வில் அவருடைய 'இன்செக்யூர்' வந்தது, ஐந்து பருவங்கள் ஓடியது. மிண்டி கேலிங்கும் அப்படித்தான். தந்தை தமிழர், தாய் வங்காளி. கல்லூரி முடித்து நியூயார்க்கில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டிருந்த நாட்களில், தோழியோடு சேர்ந்து 'மேட் அண்ட் பென்' என்ற நாடகத்தை எழுதினார். மேட் டேமனாகவும் பென் அஃப்லெக்காகவும் அந்த இரு பெண்களே மேடையேறினார்கள். 2002இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் விழாவில் அது பேசப்பட்டது. அதைப் பார்த்த கிரெக் டேனியல்ஸ் அவரை 'தி ஆஃபீஸ்' தொடருக்கு எழுத அழைத்தார், அதில் நடிக்கவும் வைத்தார். பழுப்பு நிறமும் தமிழ்ப் பெயரும் கொண்ட பெண்ணுக்கு வேடம் எழுத அன்று யாரும் இல்லை. தனக்கான வேடத்தைத் தானே எழுதிக்கொண்ட அந்தப் பெண்தான் பதினேழு ஆண்டு கழித்து மைத்ரேயிக்குக் கதவு திறந்தார். இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி நீயாக ஏன் இருக்கக் கூடாது?

லாஸ் ஏஞ்சலஸிலும் 2010 முதல் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹாலிவுட் ஃப்ரிஞ்ச் விழா நடக்கிறது. தேர்வுக்குழு கிடையாது. அரங்கம் பிடித்துப் பதிவு செய்தால் நீயும் மேடையேறலாம். வட ஹாலிவுட்டிலும் சாண்டா மோனிகா சாலையிலும் நூறு பேர்கூட உட்கார முடியாத அரங்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நாற்பது பேர் முன்னால் நின்று ஒரு மணி நேரம் தனியாகப் பேசு. நாற்பது பேரைப் பிடித்து உட்கார வைக்கத் தெரிந்தால் கேமரா உன்னிடம் வாலாட்டும்.

கருவி இல்லை என்ற சாக்கையும் தூக்கி எறி. 2015இல் சண்டான்ஸ் விழாவை உலுக்கிய 'டேஞ்சரின்' படத்தை ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ் கைப்பேசிகளில் எடுத்தார். சாண்டா மோனிகா சாலையும் ஹைலேண்டும் சந்திக்கும் முனையைச் சுற்றித்தான் கதை. முதன்மை வேடங்களில் அதற்கு முன் சினிமாவில் பெயர் கேள்விப்பட்டிராத இரு திருநங்கைகள், மையா டெய்லரும் கிட்டானா கிகி ரோட்ரிகஸும். மையா டெய்லர் அந்த வேடத்துக்காக இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதைக் கையில் வாங்கினார். தெருவில் தினமும் அவமானத்தைச் சந்தித்த ஒரு பெண் அந்த மேடைவரை நடந்து வந்தாள் என்றால், வீடும் சோறும் கேமராவுள்ள கைப்பேசியும் இருக்கிற நீ என்ன சாக்குச் சொல்லப் போகிறாய்?

நெருப்பாக இரு, ஆனால் ஏமாளியாக இராதே. இனிச் சொல்வதை மனதில் வெட்டி வைத்துக்கொள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று உன்னிடம் முன்பணம் கேட்பவன் திருடன். எவ்வளவு பெரிய அலுவலகம் வைத்திருந்தாலும் திருடன்! கலிஃபோர்னியாவில் இது வெறும் அறிவுரை இல்லை, சட்டம். கிரெக்கோரியன் சட்டம் என்று பெயர், 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆடிஷனோ வேலையோ வாங்கித் தருவதாகச் சொல்லி நடிகரிடம் முன்கட்டணம் வசூலிப்பது குற்றம், சிறைக்கும் போகலாம். உண்மையான ஏஜென்ட் நீ சம்பாதித்த பிறகுதான் அதில் தன் பங்கை எடுப்பார். ஏஜென்ட் தொழிலுக்கு மாநிலத் தொழிலாளர் ஆணையரின் உரிமம் வேண்டும். அந்தப் பட்டியலை இணையத்தில் நீயே தேடிப் பார்த்துவிடலாம், கையெழுத்துப் போடுவதற்கு முன் பார். "எங்கள் புகைப்படக்காரரிடம்தான் படம் எடுக்க வேண்டும், எங்கள் வகுப்பில்தான் சேர வேண்டும்" என்றால் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வா. காஸ்டிங் உதவியாளர்களின் முன் நடித்துக் காட்டக் காசு வாங்கிய பயிற்சிப் பட்டறைகள் மீதே 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞர் குற்ற வழக்குத் தொடுத்தார். உன் கனவு எவனுக்கும் வருமானம் ஆகக் கூடாது. தனி வீட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ ஆடிஷனுக்கு வா என்றால் போகாதே. தங்கைக்கு மட்டும் சொல்லவில்லை, தம்பிக்கும் சொல்கிறேன்.

சங்கம் இல்லாத இடத்தில் உன் காவலன் அந்த ஒப்பந்தத் தாள்தான். வரிக்கு வரி படி. விளம்பரப் படத்துக்கு ஒரே தொகை கொடுத்து முடித்துவிடுவார்கள், மறுபடி ஒளிபரப்பானால் பைசா வராது. அது நான்-யூனியனின் இயல்பு. ஆனால் எத்தனை மாதம், எந்தெந்த ஊடகத்தில், எந்த நாடுகளில் என்று எல்லை எழுதியிருக்க வேண்டும். "காலவரையின்றி, எல்லா ஊடகங்களிலும்" என்ற சொற்கள் வந்தால் பேனாவை மூடு. இன்று ஒரு குளிர்பானத்துக்கு நடித்த உன் முகம் பத்தாண்டுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தால், போட்டி நிறுவனம் உன்னைத் தொடாது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இன்னொரு பொறியும் சேர்ந்திருக்கிறது. உன் முகத்தையும் குரலையும் டிஜிட்டல் நகலாக்கும் உரிமையை ஒரு வரியில் ஒளித்து வைக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஏபி 2602 சட்டம் 2025 ஜனவரி முதல் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. நகலை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று தெளிவாக எழுதாமல், வழக்கறிஞரோ சங்கமோ உன் பக்கம் பேசாமல், நீ செய்திருக்க வேண்டிய வேலைக்கு அந்த நகலைப் பயன்படுத்த எழுதிய ஷரத்து செல்லாது. சங்கம் இல்லாவிட்டாலும் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் கூலி உண்டு. நான்-யூனியன் என்பதற்காக யாரும் உன்னை இலவசமாக விடிய விடிய நிற்க வைக்க முடியாது. கேட்டு வாங்கு. மரியாதையாக, தெளிவாக, கண்ணைப் பார்த்துக் கேள்.

இன்னொன்று. இதில் நான் கடுமையாகவே பேசுவேன். 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாட்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அதுபோன்ற நேரத்தில், மறிக்கப்பட்ட தயாரிப்புக்கு ஆள் கிடைக்காமல் உன்னைப் போன்ற நான்-யூனியன் நடிகரிடம் யாராவது வரலாம். பெரிய வேடம் தருவார்கள். போகாதே. அப்படிப் போய் வேலை செய்தவர்களைப் பிற்பாடு உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று சங்கம் வெளிப்படையாகவே அறிவித்தது. தண்டனைக்குப் பயந்து சொல்லவில்லை. வெயிலில் பதாகை பிடித்து நடப்பவர் நாளை நீ வாங்கப்போகும் கூலிக்காகவும் நடக்கிறார். அவர் வயிற்றில் அடித்து வாங்கும் வேடம் உனக்கு வேண்டாம். உன் சொந்தக் குறும்படத்தை எடுத்துக்கொண்டிரு, வேலைநிறுத்தம் அதைத் தடுக்காது.

வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் பிள்ளை நடிக்கப் போகிறது என்றால் அம்மா முகம் வாடும், அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். அவர்கள் மேல் கோபப்படாதே. இரண்டு பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்து ஒவ்வொரு டாலராக எண்ணி வைத்தவர்கள், நிச்சயமில்லாத வருமானத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அவர்களோடு வாதம் பண்ணாதே, கணக்குக் காட்டு. வாடகையை நீயே கட்டும் வேலை ஒன்றை வைத்துக்கொள். பகலில் ஆடிஷனுக்கு விடுமுறை கிடைக்கும் வேலையாக இருக்கட்டும். மாலை நேரப் பாடம் சொல்லிக் கொடுப்பது, இரவு நேர மென்பொருள் வேலை, உணவகப் பணி, எதுவானாலும் சரி. ஹாரிசன் ஃபோர்டு தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்தான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. அனுமதியில்லாமல் சம்பளத்துக்கு நடித்தால் நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்காதே.

"இந்த முகத்துக்கு என்ன வேடம் வரும்? இந்தப் பெயரை யார் உச்சரிப்பார்கள்?" என்று உன் மனதுக்குள் ஒரு குரல் முணுமுணுக்கும். அதற்குப் பதில் சொல்லிவிடு. விஸ்வகுமார் என்ற பெயரை உலகமே உச்சரித்தது. உன் பெயரைச் சுருக்காதே, நறுக்காதே. அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். தமிழ் உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் பாத்திரம் வந்து, அதைக் கேலிச்சித்திரக் கடைக்காரராக எழுதியிருந்தால், அதற்குள் ஒரு மனிதனை வைக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் மறு. மறுக்கும் உரிமை கார்டோடு வருவதில்லை, அது உன்னோடு பிறந்தது.

ஆடிஷனுக்குப் பதிலே வராது. "இல்லை" என்றுகூடச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் அந்த முடிவுக்கும் உன் திறமைக்கும் தொடர்பே இருக்காது. ஏற்கெனவே எடுத்துவிட்ட அம்மா நடிகையைவிட நீ உயரம், கதாநாயகனின் முகச்சாயல் உனக்கு இருக்கிறது, தயாரிப்பே நின்றுபோனது, இப்படி ஆயிரம். ஆகவே வேலை கிடைத்ததா என்று வாரக் கணக்குப் பார்க்காதே. எத்தனை டேப் அனுப்பினாய், எத்தனை பக்கம் மனப்பாடம் செய்தாய், எத்தனை நாள் செட்டில் நின்றாய் என்று பார். அந்த மூன்றும் உன் கையில் இருக்கின்றன.

பிறகு ஒரு நாள் வரும். மாணவர் படத்தில் பார்த்தவளோ, ஃப்ரிஞ்ச் மேடையில் உன்னைக் கண்டவரோ அழைப்பார்கள். சங்கப் படம், இரண்டு வரி வசனம், "இவர்தான் வேண்டும்" என்று காரணம் எழுதி அனுப்புவார்கள். நீ நடித்த முதல் நாளிலிருந்து முப்பது நாட்கள் வரை கார்டில்லாமலே இன்னும் சங்க வேலை செய்யலாம். அதற்குப்பின் அடுத்த சங்க வேலை வரும்போது சேர்ந்தே ஆக வேண்டும். அன்று கையில் நீ நடித்த காட்சிகளின் மூன்று நிமிட ரீல் இருக்கும், அதில் உயிர் இருக்கும், இருபது செட்டுகளில் நின்ற கால்கள் இருக்கும். தயங்காமல் போய்ச் சேர். அந்த அழைப்பு எப்போதும் பணம் இல்லாத வாரத்தில்தான் வரும். அதற்கான 3,000 டாலருக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்றை இந்த வாரமே திற, அடுத்த நான்-யூனியன் சம்பளத்திலிருந்து முதல் ஐம்பதை அதில் போடு.